இடஒதுக்கீடு, நிலம், சட்டம், பணம்: சாதி ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு அடுத்து எதைக் கையில் எடுக்க வேண்டும்?

சாதி ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தால், தமிழ்நாட்டில் அது ஐந்து நிமிடத்தில் இடஒதுக்கீட்டுச் சண்டையாக மாறிவிடுகிறது. வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம். மற்ற வழிகள் பேச்சுக்கே வருவதில்லை. ஆனால் அரசின் கையில் வேறு வழிகளும் இருக்கின்றன. நிலம் கொடுக்கலாம், கொடுத்து பறிபோனதை மீட்கலாம். வன்கொடுமைச் சட்டத்தை எழுதியபடி நடத்தலாம். உதவித்தொகையாகவும் கடனாகவும் பணத்தைக் கையில் கொடுக்கலாம். சாதிகள் கலந்து வாழ வழி செய்யலாம். இவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் இப்போதும் நடக்கின்றன. ஆனால் ஒரு மாநில அரசின் பணத்துக்கும் அதிகாரிகளின் நேரத்துக்கும் எல்லை உண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் எதுவும் ஆழமாகப் போகாது. அதனால் அடுத்த ஐந்தாண்டில் முழு பலத்தையும் முதலில் எதில் வைப்பது என்று கேட்டாக வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரு கேள்வியைத்தான் நான் முதன்மையாக வைக்கிறேன்: படித்து வெளியேற முடியாமல், பிறந்த ஊரிலேயே, காலனியிலேயே இருக்கிறவருக்கு இந்தத் திட்டத்தால் என்ன மாறுகிறது? அவர் கூலிக்கும் குடியிருப்புக்கும் பாதைக்கும் யாரை நம்பி இருக்கிறார், அந்த நம்பியிருத்தல் குறைகிறதா? ஆட்சி மாறினாலும் அந்த மாற்றம் நிற்குமா என்பது அடுத்த கேள்வி.

முதலில் இடஒதுக்கீடு. இதன் வேர் 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த கம்யூனல் ஜி.ஓ. எனும் வகுப்புவாரி அரசாணை வரை போகிறது. 1951-இல் சென்னை மாகாண வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்புதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே காரணமானது. இன்று பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று மொத்தம் 69 விழுக்காடு. 1994-இல் 76-ஆவது திருத்தம் மூலம், சட்டங்களுக்கு நீதிமன்றங்களிடமிருந்து பாதுகாப்பு தரும் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியதால் இது நிற்கிறது. ஆட்சி மாறினாலும் நிற்குமா என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலில் இதைவிடத் தெளிவாக ஆம் சொல்லும் வழி வேறு கிடையாது. கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் தாசில்தாரும் வந்தது இதனால்தான். இதைக் கைவிடுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இதன் எல்லையையும் நேராகப் பார்க்க வேண்டும். வேலையில் இடஒதுக்கீடு என்பது அரசுப் பணியிடம் இருந்தால்தான் உண்டு. அந்தப் பணியிடங்களையே ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் இனச்சுழற்சிப் பட்டியல் காகிதமாகத்தான் இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், முதலில் ஒப்பந்தத்துக்குப் போகிற வேலைகளில் ஒன்று துப்புரவு. பெரும்பாலும் பட்டியல் சாதி மக்கள், அதிலும் அருந்ததியர் செய்கிற வேலை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டம் இதற்காகத்தான். நிரந்தர வேலையில் ஒரு தலைமுறை இருந்தால் அடுத்த தலைமுறை படிக்கும். ஒப்பந்த வேலையில் அந்தப் படி அறுந்துபோகிறது.

தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிகளை மட்டும்தான் பேசுகிறது. தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீடு கொண்டுவரவே 2005-இல் 93-ஆவது திருத்தம் தேவைப்பட்டது. தனியார் வேலைக்கும் டெல்லியில்தான் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். மாநிலம் தன் கையாலேயே செய்யக்கூடிய ஒன்றைக் கர்நாடகம் செய்து காட்டியிருக்கிறது. அரசு டெண்டர் வேலைகளில் பட்டியல் சாதி ஒப்பந்ததாரர்களுக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கி, தொடக்கத்தில் 50 லட்ச ரூபாய் வரையிலான வேலைகளுக்கு என்று சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் ரோடு போடுகிறவர் யார் என்பதை மாற்ற அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.

உள் ஒதுக்கீடு பற்றி ஒரு வார்த்தை. 2009-இல் அருந்ததியருக்குக் கொடுத்த 3 விழுக்காட்டின் மேல் நெடுங்காலம் சட்டச் சந்தேகம் தொங்கிக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள்வகைப்பாடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னதும் அது தீர்ந்தது. பட்டியலுக்குள்ளேயே கடைசியில் நிற்பவரை முன்னால் கொண்டுவர இதைவிட மலிவான, விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இதைப் பிரிவினை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் கடைசி இலைக்குச் சோறு வராவிட்டால் பரிமாறுகிற முறையைத்தான் மாற்ற வேண்டும்.

ஆக, இடஒதுக்கீட்டில் செய்ய வேண்டியது பாதுகாப்பது, நிரப்பாமல் தேங்கிய பேக்லாக் காலியிடங்களை நிரப்புவது, ஒப்பந்த முறையை நிறுத்துவது. ஆனால் என் முதல் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். ஊரைவிட்டு வெளியேற இது பாலம் போடுகிறது. ஊரிலேயே இருப்பவரின் தெரு அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது பணம். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு இது கிடைக்கிறது. செலவை ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பகிர்கின்றன. இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கல்வியாண்டு முடிந்தபின் வராமல், கட்டணம் கட்டும் மாதத்தில் வந்தால் போதும். தாமதத்தால் படிப்பை நிறுத்துகிற பிள்ளைக்கு, இடஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டும் சேர்ந்தே போகிறது.

இன்னொரு வகை தொழில் பணம். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோ 1974-லிருந்து கடனும் மானியமும் தருகிறது. 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், முதலீட்டில் 35 விழுக்காடு மானியமாக 1.5 கோடி ரூபாய் வரையும், வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடியும் தருகிறது. ஏற்கெனவே கொஞ்சம் ஏறி வந்த குடும்பத்துக்கு இது பெரிய கை. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு எட்டாது. அதற்கு நேர் எதிர்முனையில் 2021-இல் தெலங்கானா தொடங்கிய தளித பந்து நின்றது: ஒரு குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய், திருப்பிக் கட்ட வேண்டாம். துணிச்சலான யோசனை. ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க எந்த மாநிலத்திடமும் பணம் கிடையாது. யாருக்கு முதலில் என்று எம்.எல்.ஏ. அளவில் முடிவாகும்போது பயனாளி உரிமைக்காரராக இல்லாமல் வேண்டியவராக மாறிவிடுகிறார். 2023 இறுதியில் ஆட்சி மாறியதும் திட்டமும் சுருங்கிவிட்டது. என் இரண்டாவது கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. 2024-இல் தமிழ்நாடு நிறைவேற்றிய பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம் இதைவிட உறுதியானது. மக்கள்தொகைக்கு ஏற்ற பணத்தை ஒதுக்கிச் செலவிடுவதைச் சட்டக் கடமையாக்குகிறது. பொதுச் சாலையையும் மேம்பாலத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாமல் பார்த்துக்கொண்டால் பயன் உண்டு.

சாதிகளைக் கலக்கும் திட்டங்களைப் பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. நோக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 240 ஊர்கள்தான். அதே அரசு, ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை கையகப்படுத்த 1978-இலேயே தனிச்சட்டம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி எடுக்கிற நிலம் பெரும்பாலும் பழைய காலனியை ஒட்டியே, ஊருக்கு வெளியிலேயே அமைகிறது. ஒரு கையால் நூறு வீடு கலந்து கட்டி, மறு கையால் ஆயிரக்கணக்கான வீட்டைத் தள்ளிக் கட்டினால் கணக்கு எப்படி நேராகும்? புதிய சமத்துவபுரம் கட்டுவதைவிட, இலவச மனை ஒதுக்குகிற ஒவ்வோர் இடத்திலும் எல்லாச் சாதிக்கும் குலுக்கல் முறையில் மனை கொடுப்பது மேல்.

சாதி மறுப்புத் திருமணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000 ரூபாயும், கூடவே 8 கிராம் தங்கமும் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இணைக்கு முதலில் தேவைப்படுவது உயிர். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். வீட்டார் தேடி வர அதுவே போதும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவுப்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வழக்கறிஞர் அறையில் நடந்தாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது இந்துக்களுக்குள் மட்டும். பாதுகாப்பு இல்லத்துக்கும், புகார் வந்த அன்றே நடவடிக்கைக்கும் செலவிடும் ரூபாய் தங்கத்தைவிட அதிக வேலை செய்யும். அப்படிப் பார்த்தால் இதுவும் சட்ட அமலாக்கத்துக்குள் வந்துவிடுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக (ஆங்கிலச் சுருக்கத்தில் பி.சி.ஆர்.) பெயர் மாறியது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபின்னும் காவல் நிலையங்களில் 'பி.சி.ஆர். கேஸ்' என்ற பழைய பெயரே புழங்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு காகிதத்தில் இது உலகின் கடுமையான பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டங்களில் ஒன்று. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை. தனி நீதிமன்றம். பாதிக்கப்பட்டவருக்கு 85,000 முதல் 8.25 லட்சம் வரை நிவாரணம் என்று மத்திய விதி சொல்கிறது. தமிழ்நாடு அந்த மேல்வரம்பை 12 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. 15ஏ பிரிவு சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் உரிமையாகத் தருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு 4-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

நடப்பது வேறு. புகார் கொடுக்கப் போனவர் மேலேயே எதிர்வழக்கு விழுகிறது. 'ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க' என்ற அறிவுரை வருகிறது. நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்டு முடிவில் நிலுவையில் நிற்பது தேசியக் குற்ற ஆவணங்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி. அதற்குள் சாட்சி பிறழ்சாட்சியாகிவிடுகிறார். ஏன் பிறழ்கிறார்? நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரின் வயலுக்கு. போகிற பாதையும் அவர் நிலத்தின் வழியே.

சட்டம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டமே சாட்சி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் 1996-இல் பட்டியல் சாதியினருக்குத் தனி ஊராட்சிகளாக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையாகத் தேர்தல் நடத்தவோ, வென்றவர் பதவியில் நீடிக்கவோ முடியவில்லை. மதுரை மாவட்டத்தின் மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூனில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேர் 2019-இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், 2006-இல் அரசு நிர்வாகம் மனம் வைத்தபோது அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. சட்டம் அதேதான். ஆட்சியரும் காவல்துறையும் ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்ததுதான் புதிது.

இந்த வழியின் பெரிய பலம், புதிய சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை என்பது. பலவீனம், முழுக்க முழுக்க ஆட்சியில் இருப்பவரின் விருப்பத்தை நம்பியிருப்பது. வாக்குப் பலம் உள்ள சாதிகளைப் பகைக்க எந்தக் கட்சியும் யோசிக்கிறது. தனி நீதிமன்றங்களை எல்லா மாவட்டத்திலும் முழுநேரமாக நடத்துவதும், முதல்வர் தலைமையிலான விழிப்புணர்வுக் குழுவை விதிப்படி ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டுவதும், 4-ஆவது பிரிவை ஒரு சில அதிகாரிகள் மேலாவது உண்மையாகவே பயன்படுத்துவதும் போதும், கீழே செய்தி போய்விடும்.

கடைசியாக நிலம். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன சாட்சியின் பிரச்சினைக்குப் பதில் இங்கே இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். விவசாய நிலத்தில் அவர்கள் பங்கு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று வந்தது. 1970-இல் 15 ஆனது. கோயில், அறக்கட்டளை, உறவினர் பெயர் என்று நிலம் ஒதுங்கிக்கொண்டது. பங்கிட மிஞ்சியது சொற்பம்.

கேரளத்தை முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அங்கே 1970 முதல் நடந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைக்காரரை உடைமையாளராக்கியது, உண்மைதான். ஆனால் தலித்துகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்களாக இல்லை, கூலிகளாக இருந்தார்கள். அவர்களுக்குக் குடிகிடப்பு உரிமையாக, அதாவது குடிசை இருந்த மனைக்கான உரிமையாக, கிராமத்தில் 10 சென்ட் வரைதான் கிடைத்தது. யாருக்கு நிலம் என்பதைச் சாதி பார்த்து எழுதாத நிலச் சட்டம் சாதியைத் தொடாமலே போய்விடும் என்பதற்கு இதுவே சான்று.

இருந்தாலும் அந்தச் சில சென்ட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் காலத்துத் தஞ்சையில் கூலி கேட்டால் குடிசையை விட்டே விரட்ட முடியும், மனை மிராசுதாருடையது. 1971-இல் வந்த குடியிருப்பு உடைமைச் சட்டம் குடியிருக்கும் மனையைக் கூலியின் பெயருக்கு மாற்றியது. வயல் கிடைக்கவில்லை, ஆனால் 'வெளியே போ' என்று சொல்லும் அதிகாரம் பறிக்கப்பட்டது. அப்புறம் நடந்த கூலிப் பேச்சுவார்த்தைகளின் தன்மையே மாறியது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு, 1981-லிருந்து அதே பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கரை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தது. பெண் பெயரில் என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்துக்குள் விற்றுவிடும் நெருக்கடிக்கு அது ஒரு தடை.

இன்று புதிதாக நிலம் வாங்கிக் கொடுப்பது கடினம். தெலங்கானா 2014-இல் நிலமற்ற தலித் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் என்று தொடங்கி, நிலம் கிடைக்காமலும் விலை ஏறியும் தேங்கிப்போனது. தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் நில விலையில் பாதி, 5 லட்ச ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் மீதிப் பாதியைப் புரட்டக்கூடியவருக்குத்தான் உதவும். இன்றைய விலையில் கிடைப்பதும் சிறு துண்டுதான்.

வாங்க வேண்டியதே இல்லாத நிலம் ஒன்று இருக்கிறது: பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென (டிப்ரஸ்ட் கிளாஸஸ்) ஒதுக்கிய டி.சி. நிலம். முதல் பத்தாண்டு விற்கவே கூடாது, அதன் பின்னும் அதே பிரிவினருக்கு மட்டும்தான் விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. மீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994-இல் செங்கல்பட்டை ஒட்டிய காரணையில் இந்த நிலத்தை மீட்கப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. முப்பது ஆண்டு ஆகிவிட்டது.

கர்நாடகம் இதே சிக்கலுக்கு 1978-இல் தனிச்சட்டமே போட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனை மீறி வாங்கியிருந்தால் விற்பனை செல்லாது, நிலம் மூலக் குடும்பத்துக்குத் திரும்பும். நியாயமான காலத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பல மனுக்கள் விழுந்தன. 2023-இல் சட்டத்தைத் திருத்திக் காலவரம்பே இல்லை என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு இப்படி ஒரு தனி மீட்புச் சட்டம் கிடையாது. வருவாய் நிலை ஆணைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சர்வே எண்ணாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டு மூன்று கை மாறி, விவரம் தெரியாமல் வாங்கி வீடு கட்டியிருக்கும் சாதாரணக் குடும்பங்களை என்ன செய்வது? அவர்களைத் தெருவில் நிறுத்தக் கூடாது. கட்டடம் எழும்பிய இடத்தில் மாற்று நிலமோ சந்தை விலையோ மூலக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். காலியாகவும் பயிராகவும் கிடக்கும் நிலத்தையும், பெரிய நிறுவனங்களும் பெரும் உடைமையாளர்களும் வளைத்ததையும் முதலில் எடுக்கலாம்.

என் வரிசை இதுதான். முதல் ஆண்டிலேயே வன்கொடுமைச் சட்ட அமலாக்கம், ஏனென்றால் அது இல்லாமல் கொடுக்கிற நிலம் மறுபடி பறிபோகும். அதோடு சேர்த்து நிலம்: காலனிகளில் இன்னும் பட்டா இல்லாத மனைகளுக்குப் பெண்கள் பெயரில் பட்டா, பிறகு பஞ்சமி மீட்பு. இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பட்டியல் சாதியினருக்கு உடைமையான, ஒதுக்கப்பட்ட நிலத்தை ஆக்கிரமிப்பதே 3(1)(எஃப்) பிரிவில் வன்கொடுமைக் குற்றம்தான். அந்தப் பிரிவு நில வழக்குகளில் பயன்படட்டும். இடஒதுக்கீட்டைக் காப்பதும் நிரப்புவதும் தொடர்கிற கடமை. உதவித்தொகை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. புதிய சமத்துவபுரங்கள், பெருந்தொழில் மானியங்கள் காத்திருக்கலாம்.

இதில் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை, பட்டியலை வெளியிடுவது. யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டையும் (ஊரின் சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) பிந்தையதையும் ஊர் வாரியாக ஒப்பிட்டு, எந்தெந்த சர்வே எண்ணில் டி.சி. என்ற குறிப்பு இருந்தது, எங்கே காணாமல் போனது, இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். அதற்கு வட்டாட்சியர் அலுவலகப் பதிவறைச் சாவியும் ஓர் அரசாணையும் இருந்தால் போதும்.